'அப்புறம் பண்றேன்' என்று சொல்லும் பிள்ளையை எப்படி ஆரம்பிக்க வைப்பது?

கட்டுரை எழுத உட்கார்ந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் சும்மா கவனித்துப் பாருங்கள். பென்சிலைச் சீவும். ஏற்கெனவே கூராகத்தான் இருக்கும், மறுபடியும் சீவும். ஓரக்கோடு போடும், கோணலாகிவிட்டது என்று தாளைக் கிழிக்கும், தண்ணீர் குடிக்க எழுந்து போகும். நமக்கோ 'சோம்பேறி' என்று வாய் வரைக்கும் வந்துவிடும். தயவுசெய்து அந்த வார்த்தையை விழுங்கிவிடுங்கள். எங்கே தொடங்குவதென்று அதற்குத் தெரியவில்லை, தப்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. எழுந்து போனால் அந்தப் பயம் ஐந்து நிமிடம் அடங்குகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப எழுந்து போகிறது.

அதனால் 'ஏன் இன்னும் முடிக்கலை?' என்று ஆரம்பிக்காமல், 'இதுல எந்த இடம் கஷ்டமா இருக்கு?' என்று கேளுங்கள். பின்னமே புரியாத பிள்ளைக்கு அழகான கால அட்டவணை போட்டுக் கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டாலே பாதி வழி வந்துவிடும்.

அடுத்தது, வேலையைச் சின்னதாக்குவது. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 'அறிவியல் புராஜெக்ட்டை முடி' என்றால் பிள்ளைக்கு மலைப்பாகத்தான் இருக்கும். 'நோட்டைத் திற, தலைப்பை எழுது, செடியைப் பற்றி உனக்குத் தெரிந்த மூன்று விஷயங்களை எழுது, பிழை வந்தாலும் பரவாயில்லை' என்றால் கை தானாக நகரும். ஐந்து நிமிடத்துக்கு டைமர் வையுங்கள், மணி அடித்ததும் விருப்பமிருந்தால் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தொடர்ந்து எழுதுவார்கள். நிறுத்திவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ கல்லூரியில் படிக்கும்போது தனக்காக உருவாக்கிக்கொண்டார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 25 நிமிடம் ரொம்ப நீளம், பத்தே போதும்.

'நாளையிலிருந்து ஒழுங்காப் படிப்பேன்' என்ற வாக்குறுதியை வாங்காதீர்கள். 'விளையாடிட்டு வந்து கை கால் கழுவினதும் கணக்கு நோட்டைத் திறப்பேன்' என்று, எது நடந்ததும் எதைச் செய்வது என்பதைப் பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட திட்டங்கள், வெறும் 'செய்வேன்' என்ற எண்ணத்தைவிட நன்றாக வேலை செய்வதை விளக்கியிருக்கிறார். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, 'நாளைக்குக் கொடுக்கணும், இன்னும் ஒண்ணுமே பண்ணலை' என்று கண் கலங்க வந்து நிற்கும். அப்போது பழைய கதையெல்லாம் இழுக்காதீர்கள். கனடாவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். வளர்ந்தவர்களுக்கே அப்படியென்றால் பிள்ளைகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? 'சரி, வா, அரை மணி நேரத்துல எவ்வளவு முடியுதோ பார்ப்போம்' என்று கூட உட்காருங்கள். மீதியைக் காலையில் ஆசிரியரிடம் எப்படி உண்மையாகச் சொல்வது என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வைத்துவிட்டுத் தூங்க அனுப்புங்கள்.