பிளாட் விக்கிறதுக்கு முன்னாடி சுவத்து ஓதத்த சரி பண்ணது (என் அனுபவம்)

மடிப்பாக்கத்துல அப்பா வாங்கின பழைய பிளாட். பார்க்க வர்றவங்க ஹால்ல நல்லா பேசிட்டு, பெட்ரூம் சுவத்துல உப்பு பூத்து பெயிண்ட் உரிஞ்சிருக்கறத பாத்ததும் வெரலால ஒரு தடவு தடவிட்டு "சொல்றோம் சார்"னு கிளம்பிடுவாங்க. மேல ஒரு கோட்டிங் அடிச்சு மறைச்சுடலாம்னு புரோக்கர் சொன்னாரு, எனக்கு மனசு ஒப்பல, வாங்கறவங்களும் லோன் போட்டுத்தான வர்றாங்க.

ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி விட்டேன், பிரிச்சா சுவர் பக்கம் முத்து முத்தா தண்ணி, அப்ப ஈரம் உள்ள இருந்துதான் வருது. அந்த சுவத்துக்குப் பின்னாடி பாத்ரூம், அங்க நஹானி டிராப்ப (தரையில தண்ணி வடியற குழி) சுத்தி டைல்ஸ் இடுக்க அடைக்கற கிரவுட்டே இல்ல. அந்த இடுக்க சுரண்டி எபாக்ஸி கிரவுட் போட்டு, பெட்ரூம் பக்கம் செங்கல் தெரியற வரைக்கும் பூச்ச கொத்தி எடுத்து, நல்லா காயவிட்டு, அப்புறம்தான் பூச்சு, பட்டி, பிரைமர், பெயிண்ட். காயவிடறதுதாங்க முக்கியம், அவசரப்பட்டா உப்பு திரும்ப வரும்.

பரண் காலி பண்ணது, லைட் மாத்துனதெல்லாம் சின்ன வேலை. 30 வருஷ வில்லங்க சான்றிதழ், தாய்ப்பத்திரம், சொத்து வரி ரசீது எல்லாம் ஒரே ஃபைல்ல, பேங்க் வக்கீல் கேக்கறது இதத்தான். ரிப்பேர் போட்டோவையும் காட்டினேன், அதுக்கப்புறம் வந்தவங்க விலை மட்டும்தான் பேசினாங்க.