சீனப் பேரரசின் ராஜதந்திரி லி ஹோங்சாங் பற்றி எழுதப் போகிறீர்களா?

சீன வரலாறு எழுதத் தொடங்கியிருக்கும் இரண்டு பேரின் கட்டுரைகளை இந்த மாதம் திருத்தினேன். நான் முன்பு சறுக்கிய அதே இடங்களில் இருவரும் சறுக்கியிருந்தார்கள். பெயர் உச்சரிப்பு, எழுத்துப்பிழையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். கீழே சொல்லும் தவறுகள் அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

தேதி

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. சீன-ஜப்பான் போரை முடிக்க சீனாவின் சார்பில் லி கையெழுத்திட்ட ஷிமோனோசெகி உடன்படிக்கையின் சீனப் பிரதியில் உள்ள தேதி: பேரரசர் குவாங்சு ஆட்சியின் 21ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம், 23ஆம் நாள். மூன்றாம் மாதம் மார்ச்தானே என்று 1895 மார்ச் 23 எனப் போட்டுவிட்டேன். சித்திரை முதல் மாதம் என்பதால் அதை ஜனவரி என்போமா? அது சீனப் பஞ்சாங்கக் கணக்கு. கையெழுத்தானது ஏப்ரல் 17.

இருபத்தைந்து நாள்தானே என்று விடமுடியாது. போரை நிறுத்த வேண்டுமானால் தாகு, தியான்ஜின், ஷான்ஹாய்குவான் என்ற மூன்று சீன இடங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பான் அடம்பிடித்தது. மார்ச் 24, பேச்சு முடிந்து பல்லக்கில் திரும்பிக்கொண்டிருந்த லியை ஒரு ஜப்பானிய இளைஞன் சுட்டான். குண்டு இடது கண்ணுக்குக் கீழே பாய்ந்தது. உலகம் என்ன சொல்லுமோ என்று பதறிய ஜப்பான், மார்ச் 30இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டுப் போர்நிறுத்தம் தந்தது.

என் கட்டுரையிலோ, கையெழுத்துப் போட்ட மறுநாள் சுடப்பட்டு, அதற்கும் பிறகு போர்நிறுத்தம்! “கல்யாணத்துக்கு அப்புறம் நிச்சயதார்த்தமா?” என்று ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார். அதற்குள் அது நூலாகவும் வந்துவிட்டது. 500 பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். செலவு என்னுடையது, விரலில் பசையும் என்னுடையது.

ஜப்பான் 1873இலேயே ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அவர்கள் பிரதியில் பேரரசர் மெய்ஜி ஆட்சியின் 28ஆம் ஆண்டு, நான்காம் மாதம், 17 என்றே இருக்கிறது. சரி, அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

1895உடன் முடித்துவிடுவது

அவமானத்தோடு ஒதுங்கினார் என்று எழுதிவிட்டால் கதை முடிக்க வசதிதான். ஆனால் மறுவருடமே இரண்டாம் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவுக்கு ரஷ்யா போய் ஜப்பானுக்கு எதிராக ரகசிய ஒப்பந்தம் போட்டார். அப்புறம் பிஸ்மார்க்கைச் சந்தித்தார், லண்டன், நியூயார்க் என்று சுற்றினார். அந்நியரை எதிர்த்த பாக்சர் கிளர்ச்சிக்குப் பின், 1901 செப்டம்பர் 7இல் வெளிநாடுகளுடன் போட்ட பாக்சர் உடன்படிக்கையிலும் அவர் கையெழுத்துதான். சரியாக இரண்டு மாதத்தில் இறந்தார்.

டேல்

சீனா கட்டவேண்டிய இழப்பீட்டைக் கணக்கிட்ட வெள்ளியின் எடை. நாணயத்தின் பெயரல்ல.

கோடி

ஷிமோனோசெகி இழப்பீடு 20 கோடி டேல், பாக்சர் இழப்பீடு 45 கோடி. மில்லியனை மாற்றும்போது சுழியத்தை எண்ணுங்கள்.