115200 என்று காட்டிய மோடமும் 22 நிமிடமும்

பழைய கணினி ஒன்றிலிருந்து 50 லட்சம் பைட் ஜிப் கோப்பை டயல்-அப் (மோடம் என்ற கருவியைக் கொண்டு தொலைபேசிக் கம்பியில் இணைவது) வழியாகவே எடுக்க வேண்டியிருந்தது. இணைந்ததும் திரையில் 'கனெக்ட் 115200' என்று வந்தது, அதை நொடிக்கு இத்தனை பிட் என்று எடுத்து எட்டால் வகுத்தால் நொடிக்கு 14,400 பைட், ஆறு நிமிடத்தில் முடியும் என்று நம்பி உட்கார்ந்தேன். 22 நிமிடம் ஆனது. லைன் கோளாறு என்று நினைத்து ஒயரை மாற்றினேன், மறுபடியும் அதே 22.

அப்புறம்தான் புரிந்தது. அந்த 115200 கணினிக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள சீரியல் போர்ட்டின் வேகம், தொலைபேசிக் கம்பியின் வேகமே இல்லை. டயல் செய்வதற்கு முன் மோடத்துக்கு 'ஏடி டபிள்யூ2' (ATW2) கட்டளை கொடுத்தேன் (நிறைய மோடம்களில் இது வேலை செய்யும்), உண்மையான எண் வந்தது: 31200.

இப்போது கணக்கு சரி. 31,200 பிட்டை எட்டால் வகுத்தால் 3,900 பைட், அதை 1024ஆல் வகுத்தால் நொடிக்கு 3.8 கிலோபைட். கோப்பை இறக்கும் நிரல் காட்டியது 3.7, மீதி நெறிமுறைத் தலைப்புகளுக்கு (தரவோடு சேர்ந்து போகும் கூடுதல் தகவல்) போகிறது. ஏற்கெனவே சுருக்கிய ஜிப் என்பதால் மோடத்தின் சுருக்கமும் உதவாது.

ஒன்று கவனியுங்கள்: பிழைத்திருத்தம் இல்லாத இணைப்பில் ஒவ்வொரு பைட்டோடும் தொடக்க பிட், முடிவு பிட் இரண்டும் சேர்ந்து போகும், அங்கே எட்டால் அல்ல, பத்தால் வகுக்க வேண்டும். 'பாட்' (நொடிக்கு எத்தனை முறை சிக்னல் மாறுகிறது என்ற அளவு) என்று எழுதியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, 2400 பிட் வேக வி.22பிஸ் மோடம் ஓடுவது 600 பாடில்தான்.