நீந்துவதற்கு முன் மிதக்கட்டும்: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு நீச்சல் செய்முறை

ஏப்ரல் வெயில் ஏறியதும் சேலத்தில் பிள்ளைகளைக் கோடை நீச்சல் வகுப்பில் சேர்க்க ஓடுகிறோம். சில வாரங்களில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய வேலை. கை வீசி நீந்துவது பிறகு வரட்டும். தவறித் தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து மிதக்கவும், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிச் சுவரைப் பிடிக்கவும் முதலில் தெரிய வேண்டும். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 'எனக்கே கடப்பாரை நீச்சல்தான்' என்பவர்களும் முதல் இரண்டு படிகளைத் தாராளமாகச் செய்யலாம். அப்புறம் நீச்சல் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வீட்டுத் தண்ணீர்

தண்ணீரை டிரம்மிலும் சம்ப்பிலும் பிடித்து வைக்காத வீடு நம் ஊரில் குறைவு. சின்னக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. அதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். சம்ப் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். "கேட்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது" என்ற ஒரே விதியை இங்கேயே தொடங்குங்கள். குளியல் டப்பில் இறங்குவதற்கும் "இறங்கலாமா?" என்று கேட்கட்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளை கிணற்றுப் பக்கமே போகாது. பயம் தெளிந்த பிள்ளைதான் தானாக இறங்கப் பார்க்கும். அதனால் பயம் தெளிவதற்கு முன்பே இந்த விதி பழகியிருக்க வேண்டும்.

படி 2: குளியலறை

சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூன்றாவதில் தலையில் ஊற்றுங்கள். எண்ணாமல் ஊற்றாதீர்கள். சில நாளில் மூன்று என்றதும் பிள்ளை தானே வாயை மூடிக்கொள்ளும். உடனே துண்டால் முகத்தைத் துடைக்காமல், தானாகக் கண் சிமிட்டித் தண்ணீரை வழித்துக்கொள்ள விடுங்கள். அடுத்தது குமிழி. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வாயை மட்டும் நனைத்து ஊதச் சொல்லுங்கள். பிறகு மூக்கும் நனையும்படி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாக வெளியேறுவதால் தண்ணீர் உள்ளே ஏறாது.

படி 3: குளம்

பிள்ளையின் இடுப்பளவு ஆழம், தரை தெளிவாகத் தெரியும் தண்ணீர், உயிர்காப்பாளர் என இந்த மூன்றும் இருக்கும் குளமாகப் பாருங்கள். நீச்சல் உடை பளிச்சென்ற ஆரஞ்சோ பச்சையோ ஆக இருக்கட்டும். நீல உடை நீலத் தரையில் கண்ணுக்கே தெரியாது. ஏற்காட்டு விடுதிக் குளத்தில் ஆரம்பிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் மே மாதக் காலையிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டினாலோ உடனே வெளியே தூக்கிவிட வேண்டும். குளிரில் நடுங்கும் பிள்ளை எதையும் கற்காது.

கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை உடம்பைச் செங்குத்தாக நிறுத்துகின்றன. மூழ்குபவரின் உடம்பும் அப்படித்தான் நிற்கும். அதோடு, கழற்றிய நாளிலும் மிதப்போம் என்று பிள்ளை நம்பிவிடும். நம் தாத்தாக்கள் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழக்கினார்கள். அது உடம்பைப் படுக்கவைத்தது. கூடவே இடுப்பில் ஒரு கயிறும், அதன் மறுமுனையைப் பிடிக்க மேலே ஓர் ஆளும் இருந்தார்கள். அந்த ஆளுடைய வேலைதான் இப்போது உங்களுடையது. தள்ளிவிட்டால் தானாக வந்துவிடும் என்ற பழைய வைத்தியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 4: மிதப்பது

அதிக நாள் பிடிப்பது இதுதான், அவசரப்பட வேண்டாம். நீங்கள் தோள் வரை தண்ணீரில் அமிழ்ந்து, பிள்ளையின் தலையை உங்கள் தோள்மேல் சாய்த்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பதறுவது காதுக்குள் தண்ணீர் போகும் அந்த நொடியில்தான். "சத்தம் கம்மியாயிடும் கண்ணு, அவ்வளவுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது பழகியதும் ஒரு கையைப் பின்தலைக்கும் இன்னொன்றை இடுப்புக்கும் அடியில் கொடுங்கள். பிள்ளை உட்காருவதுபோல் மடங்கினால் கீழே போகும். "வயித்தை வானத்துக்குக் காட்டு" என்றால் நிமிரும். மூச்சை இழுத்து நெஞ்சில் நிரப்பினால் உடம்பு மேலே வருவதையும், விட்டால் தாழ்வதையும் அதுவே உணரட்டும்.

பிறகு உள்ளங்கை இரண்டு விரலாகட்டும், இரண்டு விரல் ஒன்றாகட்டும். கையை எடுக்கும்போது சொல்லிவிட்டே எடுங்கள். ஏமாற்றி எடுத்தால் அடுத்த நாள் தோளை விடாது. ஒல்லியான பிள்ளைகளுக்குக் கால் கீழே தொங்கும், தொங்கட்டும். வாயும் மூக்கும் மேலே இருந்தால் சரி. பத்து எண்ணும் வரை தனியாக மிதந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: திரும்பிச் சுவரைப் பிடிப்பது

குளத்து விளிம்பில் உட்காரவைத்து உங்கள் கைக்குள் குதிக்கச் சொல்லுங்கள். குதித்ததும் உடம்பைத் திருப்பிவிட்டு, வந்த சுவரையே பிடிக்கச் சொல்லுங்கள். நாளாக ஆக நீங்கள் ஓரடி தள்ளி நில்லுங்கள். சுவரைப் பிடித்தபடி கை மாற்றி மாற்றி ஏணி வரை போகவும், முழங்கையை ஊன்றி, வயிற்றைத் தேய்த்து, முழங்காலைப் போட்டு மேலே ஏறவும் பழகட்டும். குதித்தல், மல்லாந்து மிதத்தல், திரும்புதல், சுவர் என்று நான்கையும் தொடர்ச்சியாகச் செய்துவிட்டால், ஒருநாள் பள்ளி உடுப்போடு செய்து பார்க்கச் சொல்லுங்கள். தவறி விழும் பிள்ளை நீச்சல் உடையில் விழுவதில்லை.

யார் அதிக நேரம் தம் பிடிப்பது என்ற போட்டி மட்டும் வேண்டாம். வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குபவர், மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்கிவிடலாம்.

படி 6: குளத்துக்கு வெளியே

தரைமட்டக் கிணறு, கல்குவாரிக் குட்டை, மேட்டூரில் காவிரி எல்லாம் வேறு கணக்கு. கிணற்றிலும் குவாரியிலும் முதல் அடியிலேயே ஆழம், பிடிக்க விளிம்பும் இருக்காது. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போனால் படித்துறையில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளை நிற்கட்டும். அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கும்போது முழங்கால் அளவு ஓட்டமே பெரியவரைச் சாய்த்துவிடும். ஏற்காடு ஏரியில் படகு ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் அது பிள்ளைக்குப் பெரிது, வேறு கேளுங்கள்.

எங்கே போனாலும் ஒரு பெரியவர் பார்ப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் பைக்குள் போகட்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது.

இன்னொரு பிள்ளை தத்தளித்தால் உள்ளே குதிக்கக் கூடாது, கத்தி ஆள் கூப்பிட வேண்டும், கம்போ துண்டோ நீட்ட வேண்டும் என்று பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் தங்கள் சேலையை வீசித்தான் மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாய்வழி மூச்சு, பிறகு மார்பை அழுத்துவது என்று சிபிஆர் தொடங்க வேண்டும். இதை ஒரு பயிற்சி வகுப்பில் பொம்மைமேல் செய்து பழகிக்கொள்ளுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிள்ளைக்கு இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், வீட்டுக்கு அழைத்துப் போகாமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.