பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வருஷா வருஷம் பி.காம்., பி.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ் முடித்த பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனால் நாங்கள் அன்று தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். வகுப்புக்குப் போங்கள், ஆங்கிலம் பழகுங்கள் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு ஷிப்மென்டின் தாள்களைக்கூட முழுதாகப் படிக்காமல் பட்டம் வாங்குவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்; தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக பையரின், அதாவது வாங்குபவரின், வங்கி தரும் உறுதி) வகைகளைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். ஒரு எல்.சி.யைக் கையில் கொடுத்து, சரக்கு எந்தத் தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். அது 44சி என்ற கட்டத்தில் இருக்கும். என்னென்ன தாள்கள் தர வேண்டும் என்பது 46ஏ-யில். அவற்றை எத்தனை நாளுக்குள் வங்கியில் தர வேண்டும் என்பது 48-இல். வங்கிகள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலைப்பின்னலில் வரும் எல்.சி. எந்த நாட்டு வங்கியுடையதாக இருந்தாலும் இதே எண்கள்தான். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

முன்பு நான் இருந்த கம்பெனியில் நடந்தது இது. எல்.சி.யில் கப்பலேற்றக் கடைசித் தேதி 20. சரக்கு 17-ஆம் தேதியே லாரியில் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது. ஃபைலைக் கவனித்த புதுப் பையன், நல்ல மார்க் வாங்கி வந்தவர், ‘ஷிப்மென்ட் முடிந்தது’ என்று எழுதிவைத்துவிட்டார். கொழும்புக்குப் போகும் ஃபீடர் கப்பல் (பெரிய கப்பலுக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்) தாமதமானது. பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) கைக்கு வந்தபோது ‘ஆன் போர்டு’ தேதி 22. லாரி கிளம்பிய நாளும் கஸ்டம்ஸில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான தாள்) போட்ட நாளும் வங்கிக்குக் கணக்கில்லை. கப்பலில் ஏறியதாக பி.எல்.லில் இருக்கும் தேதிதான் கணக்கு. ஃபீடர் தாமதம் என்று ஃபார்வர்டர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) சொன்ன அன்றே பையரிடம் பேசி எல்.சி.யில் தேதியை நீட்டியிருக்கலாம். அது பிரச்சினை என்றே அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவருக்கு மேலே இருந்தவர்களும் பார்க்கவில்லை. பையரின் வங்கி டிஸ்கிரிபன்சி, அதாவது தாள்கள் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, என்று பணத்தை நிறுத்தியது. பையர், விலையைக் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது என்ன பேரம் பேச முடியும்? குறைத்துத்தான் கொடுத்தார்கள். துணியிலும் குறையில்லை, தையலிலும் குறையில்லை.

2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற, எல்.சி.க்கான சர்வதேச விதிகளில் 5-ஆவது பிரிவே இதைத்தான் சொல்கிறது: வங்கிகள் கையாள்வது தாள்களை, சரக்கை அல்ல. சிலபஸிலும் இது இருக்கிறது. ஆனால் ‘இது கிளார்க் வேலை, நாங்கள் மேனேஜ்மென்ட் படித்தவர்கள்’ என்ற எண்ணத்தோடு வருகிறார்களே, அதுதான் ஆபத்து.

இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்த கம்பெனிக்கோ கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசுக்கோ போங்கள். பையர் பெயரையும் விலையையும் மறைத்து, முடிந்துபோன ஒரு ஷிப்மென்டின் நகல்களைக் கேளுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கார்ட்டன் எண்ணிக்கையும் மொத்த எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பென்சிலால் டிக் போட்டுப் பாருங்கள். இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்கோடெர்ம்ஸை மனப்பாடம் செய்வது

விற்பவர், வாங்குபவர் இருவரில் யாருக்கு எந்தச் செலவு, எந்தப் பொறுப்பு என்று சொல்லும் சர்வதேச வர்த்தக விதிகள்தான் இன்கோடெர்ம்ஸ். 2020 பதிப்பில் 11 இருக்கின்றன. பதினொன்றையும் ஒப்பிப்பதால் பயனில்லை. எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு) விலையில் விற்ற சரக்கு, கப்பல் ஏறும் முன்பு கன்டெய்னர் யார்டில் எரிந்துபோனால் நஷ்டம் யாருக்கு? விற்றவருக்கு. கப்பலில் ஏற்றி வைக்கும்வரை பொறுப்பு அவருடையது. கன்டெய்னர் சரக்குக்கு, கொண்டுபோகிறவரிடம் ஒப்படைத்ததோடு விற்றவர் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்பதற்கு இதுவே காரணம். இப்படிக் கேள்வி கேட்டுப் படியுங்கள்.

சீனியர் கொடுத்த நோட்ஸை நம்புவது

எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதிச் சலுகை 2020 டிசம்பரோடு முடிந்தது. அப்புறம் வந்தது ரோடெப். ஆயத்த ஆடைக்கு ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். என்று தனித் திட்டமே வந்தது. இன்னும் எம்.இ.ஐ.எஸ். பற்றிப் பேசிக்கொண்டு இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். 2023 ஏப்ரல் 1-இல் வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எச்.எஸ். கோடைத் தொடாமல் விடுவது

எச்.எஸ். என்பது சரக்குகளை எண்களால் வகைப்படுத்தும் சர்வதேச முறை. அதில் பின்னலாடை 61-ஆவது அத்தியாயம், நெய்த துணியில் தைத்தது 62. காட்டன் டி-சர்ட் 6109 10. முதல் 6 இலக்கங்கள் எச்.எஸ். முறையைப் பின்பற்றும் எல்லா நாட்டுக்கும் பொது; இந்தியாவில் மொத்தம் 8 இலக்கங்கள். பையர் கட்டும் வரி இதை வைத்துத்தான். 2022 மே 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, வரிச் சலுகை கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோடு தப்பாகப் போனால் அந்தச் சலுகை சிக்கலாகும்.

கணக்குப் பாடத்தை ஒதுக்குவது

டாலரில் விலை சொல்லி ரூபாயில் கூலி கொடுக்கும் தொழில் இது. ஒதுக்காதீர்கள்.

வெளிநாடு போகலாம் என்று சேர்வது

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

சான்றிதழுக்காக இன்டர்ன்ஷிப்

கடைசி நாளில் வந்து கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். நீங்களே ஒரு பேக்கிங் லிஸ்ட் தயாரித்து, திருத்தித் தாருங்கள் அண்ணா என்று கேளுங்கள். எவ்வளவு வேலை இருந்தாலும் உட்கார்ந்து திருத்தித் தருவோம்.