முகம் கோணாமல் குறை சொல்வது எப்படி?

மேல்வீட்டில் விடியுமுன் ஓடும் மிக்ஸி, வாசல் கேட்டை மறித்து நிற்கும் பைக், மின்சார ரயிலில் ஊருக்கே கேட்கும்படி ஓடும் கைபேசி வீடியோ, பார்த்தவுடன் சம்பளத்தை விசாரிக்கும் உறவினர் என்று சென்னையில் வாழ்பவருக்கு எரிச்சலூட்டும் காரியங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த எரிச்சலை முறையாக எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. பலர் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் மாடிப்படியில் நின்று கத்துகிறார்கள். மற்றவர்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் குத்திக் காட்டுகிறார்கள். இரண்டினாலும் மிக்ஸி நிற்பதில்லை, உறவு மட்டுமே நின்றுபோகிறது.

வாயைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம்மை உறுத்துவது சட்டத்துக்குப் புறம்பான செயலா, நம் வீட்டு வழக்கத்துக்கு மாறானதா, அல்லது நமக்குப் பிடிக்காதது மட்டும்தானா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளது. சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பும் அவ்விதிகளிலேயே இருக்கிறது. தேவையின்றி ஹாரன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது, நாம் அற்பக் காரியத்துக்குச் சிணுங்கவில்லை என்ற தெளிவை நமக்குத் தருவதற்காகத்தான். பேச்சை ஆரம்பிக்கும்போதே சட்டத்தைக் கையில் எடுத்தால், எதிரில் இருப்பவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிடும். பிறகு அவர் சத்தத்தைக் குறைக்க விரும்பினாலும் குறைக்க மாட்டார்.

இரண்டாவது வகையில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன, ஏனென்றால் அங்கே இரு தரப்பினரும் மரியாதையாகவே நடந்துகொள்வதாக நம்புகிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கு வருவது ஒருவருக்கு அநாகரிகம், இன்னொருவருக்கோ, "போன் பண்ணி அனுமதி கேட்டுட்டு வர்றதுக்கு நாங்க என்ன அந்நியமா?" என்பதே மனக்குறை. திருமண அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் பெரியவர்களை வெயிலில் காக்க வைக்கக் கூடாதென்று நினைக்கிறார். பெறுகிறவரோ தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கொடுக்காத அழைப்பை அழைப்பாகவே கருதுவதில்லை. வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்பது அக்கறையா, அபசகுனமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே இத்தகைய இடங்களில் "இவர் எந்த மரியாதையைக் கடைப்பிடிப்பதாக நினைத்து இதைச் செய்கிறார்?" என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் பேசினால், பேச்சின் தொனியே மாறிவிடும். மூன்றாவது வகை, அதாவது பக்கத்து இருக்கைக்காரர் காபியை உறிஞ்சிக் குடிக்கும் ஒலி போன்றவை, விட்டுவிட வேண்டியவை.

அடுக்குமாடிக் குடியிருப்பு

இங்கே எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காரணத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். காலை ஐந்து மணிக்குச் சட்னி அரைப்பவர் ஆறரை மணிக்கு அலுவலகத்துக்கு ரயில் பிடிக்க வேண்டியவராக இருக்கலாம். நள்ளிரவில் மோட்டார் ஓடுவதற்குத் தண்ணீர் லாரி அப்போதுதான் வந்தது காரணமாக இருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு, நிறுத்தச் சொல்வதை விடச் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பதே பலனளிக்கும். "அக்கா, காலையில மிக்ஸி சத்தம் நேரா எங்க தலைமாட்டுலயே கேட்குது. அடியில ஒரு துணிய மடிச்சுப் போட்டு, சுவத்தை ஒட்டாம கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்களேன்" என்று சொன்னால், அவருடைய சமையலையோ நேரத்தையோ குறை சொன்னதாக ஆகாது; மேடை வழியாகவும் சுவர் வழியாகவும் பரவும் அதிர்வும் உண்மையிலேயே குறையும். நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு, கால்களில் மாட்டும் ரப்பர் மூடி ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. ஒன்றிரண்டு செட் நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே போய்க் கதவைத் தட்டக் கூடாது, அந்த நேரத்தில் நம் முகத்தில் இருக்கும் கோபத்தை எந்தச் சொல்லாலும் மறைக்க முடியாது. விளக்கு வைக்கும் நேரத்திலும், விருந்தாளிகள் வந்திருக்கும்போதும் போகக் கூடாது. சனிக்கிழமை முற்பகல் போன்ற ஓய்வான வேளையில், மற்றவர்கள் காதில் விழாதபடி, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மிக்ஸியைப் பற்றிச் சொல்லப் போன இடத்தில் மொட்டை மாடியில் காயும் துணி, நடைபாதையில் குவிந்த செருப்பு, பையன் லிஃப்டில் எழுதிய கிறுக்கல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் அது குற்றப்பத்திரிகை. அந்த வீட்டில் மூத்தவர் இருந்தால் நம் வீட்டு மூத்தவரையே பேச வைப்பது நல்லது. வாட்ச்மேன் மூலம் மட்டும் சொல்லி அனுப்பவே கூடாது: கேட்கிறவருக்கு அது அவமானமாகத் தோன்றுவதோடு, அந்தக் கோபம் முழுவதும் பாவம் அந்த வாட்ச்மேன் தலையில் விடியும்.

கேட்டை மறித்து வண்டி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் தெருவுக்குப் புதியவர்கள், பக்கத்திலுள்ள மண்டபத்துக்கோ டியூஷன் சென்டருக்கோ கிளினிக்குக்கோ வந்தவர்கள். அவர்களோடு தினம் ஒருவராக மல்லுக்கட்டுவதில் பயனில்லை. டியூஷன் நடத்துபவரிடம் சென்று, பிள்ளைகளை அழைக்க வரும் பெற்றோருக்கு அவரையே சொல்லச் சொன்னால் ஒரே வாரத்தில் மாற்றம் தெரியும். "காற்று பிடுங்கப்படும்" என்ற பலகை சென்னைத் தெருக்களில் ஏராளம், அதைப் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு போனவரைத்தான் காண்பது அரிது. சொன்னபடி காற்றைப் பிடுங்கினாலோ, அதுவரை நம் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும். "வயதானவர் இருக்கும் வீடு, ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும்" என்று உண்மையான காரணத்தை எழுதிய பலகைக்கு மதிப்பு அதிகம்.

பேருந்தும் ரயிலும்

மாநகரப் பேருந்தில் நடத்துநர் தம் இருக்கையிலேயே இருக்க, பயணச்சீட்டுக்கான பணம் கைக்குக் கை மாறிப் போய்ச் சேர்வது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் இளைஞரின் தோளை ஒரு பெரியவர் தட்டுகிறார். அவர் திரும்பாவிட்டால் "இந்தக் காலத்துப் பசங்க" என்று முணுமுணுக்கிறார். இளைஞருக்கோ முன்பின் தெரியாதவர் தம்மைத் தொடுவதே அநாகரிகம். இதற்கு எளிய தீர்வு, தோளைத் தொடாமல் பணத்தை அவர் கண்ணில் படும்படி நீட்டி, "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்று ஊரையும் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வதுதான். பணத்தை வாங்கிக் கைமாற்றிவிடுவதில் விருப்பமில்லாதவர் நடத்துநருக்கு அருகில் நிற்காமல் உள்ளே நகர்ந்துவிடுவது உத்தமம்.

இருக்கை விஷயத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மகளிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஆண், பெண் பயணி வந்து நின்றதும் கேட்காமலேயே எழுந்துவிட வேண்டும். ஆனால் பொது இருக்கையில் அமர்ந்த பெண்ணிடம், "லேடீஸ் சீட் காலியா இருக்கே, அங்க போங்கம்மா" என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பொது என்பது இரு பாலருக்கும் பொது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் தொடங்கிய பிறகு, "ஓசி டிக்கெட்" என்ற ஏளனமும் இதோடு சேர்ந்துகொண்டது. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருக்கலாம்.

ரயிலில் வீடியோ பார்ப்பவரிடம் "ஆஃப் பண்ணுங்க" என்றால் அவர் முறைப்பார். "சவுண்ட் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறீங்களா? தலைவலி" என்றால் பத்தில் ஒன்பது பேர் உடனே குறைத்துவிடுவார்கள். தலைவலி இல்லாதவருக்கும் அந்த ஒலி சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி போவதற்குள் தலைவலியை வரவழைத்துவிடும் என்பதால் அது முழுப் பொய்யும் அல்ல.

இங்கே இன்னொன்று. ஆட்டோ ஓட்டுநர், நடத்துநர், கடைப் பையன், நம்மை விட இளையவர் என்று யாரிடம் குறை சொன்னாலும் "நீங்க" என்றே தொடங்க வேண்டும். கோபம் வந்தவுடன் ஒருமைக்கு இறங்குகிறவர், தாம் சொன்ன நியாயத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். கேட்டவருக்கு அந்த ஒருமை மட்டும்தான் நினைவில் நிற்கும்.

பந்தி

திருமண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வதைப் போல் எரிச்சல் தரும் காரியம் வேறில்லை என்பது என் கருத்து. பாயசம் இலைக்கு வரும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். ஆனாலும் நிற்பவருக்கும் காரணம் உண்டு: முகூர்த்தம் முடிந்து பத்து மணிக்குள் அலுவலகம் போயாக வேண்டும், அடுத்த பந்தி எப்போது என்று சொல்ல அங்கே ஆளில்லை. அவர் கண்ணுக்கு, சாப்பிட்டு முடித்தும் எழாமல் உட்கார்ந்திருப்பவர்தான் இங்கிதம் தெரியாதவர். உட்கார்ந்திருப்பவரோ, பக்கத்து இலைக்காரர் இன்னும் மோர் சாதத்தில் இருக்கும்போது தாம் மட்டும் எழுவது மரியாதை அல்ல என்று காத்திருக்கிறார், பந்தியில் அனைவரும் சேர்ந்தே எழ வேண்டும் என்று பழக்கப்பட்டவர் அவர்.

எனவே காத்திருப்பவர் வரிசையின் ஓரத்திலோ சுவரோரமாகவோ நிற்க வேண்டும். நாற்காலியின் முதுகைப் பிடிக்கக் கூடாது. இலை எடுக்கப்படுவதற்கு முன்பே கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கக் கூடாது. அவசரம் இருந்தால் பந்தி விசாரிக்கும் உறவினரிடம், "ஆபீஸ் போகணும், ஒரு இலை பாருங்களேன்" என்று சொன்னால் போதும். உண்மையில் இந்தப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டியவர்கள் கல்யாண வீட்டார்தான். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பொறுப்பான இருவரை நிறுத்தி, ஒரு பந்தி எழுந்து மேஜை துடைத்த பிறகே அடுத்தவர்களை உள்ளே விட்டால் யாரும் யார் முதுகிலும் நிற்க வேண்டியதில்லை. இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் மட்டும் யாரையும் திருத்த முயல வேண்டாம்; அதில் குடும்பத்துக்குக் குடும்பம் உறுதியான, ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள் உள்ளன.

மார்கழிக் கச்சேரியில், பிரதான உருப்படியின்போது மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போவதும் இதே வகை. போகிறவர், பாட்டுக்கு நடுவே எழாமல் பாட்டு முடிந்த பிறகுதானே போகிறோம் என்று நினைக்கிறார். மிருதங்கக்காரரோ தம் முறை வந்ததும் சபை காலியாவதைப் பார்க்கிறார். போக வேண்டுமென்றால், பிரதான உருப்படி தொடங்குவதற்கு முன், இரண்டு பாட்டுகளுக்கு இடையே போய்விடலாம்.

கேட்கக் கூடாத கேள்விகள்

சம்பளம், சொந்த வீடா வாடகையா, என்ன விலைக்கு வாங்கினீர்கள் ஆகிய கேள்விகளை முந்தைய தலைமுறையினர் உறவின் அடையாளமாகக் கேட்கிறார்கள். கேட்காமல் விட்டால்தான் "நம்மைப் பற்றி விசாரிக்கக்கூட இல்லை" என்று வருத்தப்படுவார்கள். ஆகவே முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்ல வேண்டியதில்லை. "குடும்பம் நடத்துற அளவுக்கு வருது மாமா. உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" என்று பாதி பதிலும் ஒரு எதிர்க் கேள்வியுமாகத் திருப்பிவிட்டால், அவர் கேட்க விரும்பிய நலம் விசாரிப்பும் நடந்துவிடும்.

"இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி இந்தக் கணக்கில் சேராது. அதற்கு வயதையோ பாசத்தையோ சமாதானமாக ஏற்க நான் தயாராக இல்லை. அந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் பெண்ணே அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, கணவரோ அவருடைய தாயாரோ முன்கூட்டியே, தனியாக, "அத்தை, அதைப் பத்தி அவகிட்ட கேட்காதீங்க. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட வேண்டும். விழாவுக்குப் போவதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

சொல்லியும் நடக்காவிட்டால்

ஒருமுறை சொன்னது மறந்துபோகலாம்; எனவே இரண்டாவது முறையும் அதே குரலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போகலாம். அவர் யார் பெயரும் இல்லாமல் எல்லா வீடுகளுக்கும் பொதுவான சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி அலறினால் 100-ஐ அழைப்பதில் தயக்கம் தேவையில்லை.

நம்மிடமே யாராவது குறை சொல்லி வந்தால், வாசலில் நிற்க வைத்தே பேசாமல் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, "சரிங்க, பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் போதும். விளக்கத்தை மறுநாள் சொல்லலாம். அவர் வீட்டு நாய் குரைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தாலும் அதை அன்றைக்கே எடுக்காமல், ஒரு வாரம் கழித்து, தனியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.