டிஜிட்டல் மங்கா பக்கத்தில் கருப்பு நிரப்புதலும் ஸ்க்ரீன்டோன் இடுதலும்

கோடுகள் சுத்தமாக விழுந்து, மையிடும் வேலை முடிந்த பிறகும் மங்கா (ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை) பக்கம் வெளிறிப்போய்த் தெரிந்தால், பெரும்பாலானோர் உடனே டோன் (ஸ்க்ரீன்டோன், அதாவது சாம்பலாகத் தெரியும்படி இடப்படும் புள்ளித் திரை) பட்டியலைத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் இன்னும் சற்று நேரம் மூடியே இருக்கட்டும். சாம்பல் மூட்டமாகக் கலங்கித் தெரியும் பக்கங்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் டோன் தவறாக இடப்பட்டிருப்பதைவிடக் கருப்பு போதாமல் இருப்பதே பெரும்பாலும் குறையாக இருக்கும். முழுக் கருப்பு எங்கெங்கே என்பது முடிவான பிறகுதான், அதற்கும் வெள்ளைத் தாளுக்கும் இடையில் எவ்வளவு சாம்பல் தேவைப்படுகிறது என்பது கண்ணுக்குப் புலப்படும். ஆகவே கருப்பை முதலிலும் டோனைக் கடைசியிலும் செய்வதே சரியான வரிசை.

அதற்கும் முன்னால் கோப்பின் அளவைச் சரிபார்த்துவிட வேண்டும். ஜப்பானிய இதழ்களுக்கு வரைவோர் பயன்படுத்தும் பி4 மூலத்தாள் 257 மி.மீ. அகலமும் 364 மி.மீ. உயரமும் கொண்டது, கருப்பு-வெள்ளை வேலைக்கு அந்த அளவில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) வழக்கம். அச்சில் வரப்போகும் அளவிலேயே வரைபவர்கள் 600 அல்லது 1200 டிபிஐயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வண்ணப் படங்களுக்குப் போதுமான 350 டிபிஐ டோனுக்கு ஏன் போதாது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். 60 வரி டோன் என்றால் ஓர் அங்குலத்தில் 60 புள்ளி வரிசைகள்; 600 டிபிஐ கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 10 பிக்சல் அகலமும் 10 பிக்சல் உயரமும், அதாவது 100 பிக்சல் இடம் கிடைக்கிறது. 10% டோனில் அந்த நூறில் பத்து பிக்சல் கருப்பாகும்; ஒரு புள்ளி ஓரளவு உருண்டையாகத் தெரிய அது போதும். அதே டோனை 350 டிபிஐ கோப்பில் இட்டால் ஒரு புள்ளிக்கான இடம் ஏறத்தாழ 34 பிக்சலாகச் சுருங்கி, புள்ளியே மூன்று பிக்சலாகவோ நான்கு பிக்சலாகவோ மாறி மாறி அமைவதால், சீராக இருக்க வேண்டிய பரப்பில் பட்டை பட்டையாக ஒரு வடிவம் தலைகாட்டும். அதைப் பின்னால் எந்தக் கருவியாலும் நீக்க முடியாது.

லேயர்களின் (ஒன்றின் மேல் ஒன்றாக அமையும், ஊடுருவித் தெரியும் படத்தாள்களின்) அடுக்கு எளிமையானது. வசனமும் வசனக் குமிழிகளும் எல்லாவற்றுக்கும் மேலே, அவற்றுக்குக் கீழே வெள்ளைத் திருத்தங்கள், அடுத்துக் கோடுகள், கோடுகளுக்குக் கீழே கருப்பு, அதற்கும் கீழே டோன்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கருப்பைக் கோட்டு லேயரிலேயே நிரப்பிவிடும் வழக்கம் வேலையை விரைவாக்குவதுபோல் தோன்றினாலும், ஒரு சட்டையைக் கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாற்ற நினைக்கும்போது கோடுகளையும் மறுபடி வரைய நேரிடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோட்டு லேயரும் கருப்பு லேயரும் சாம்பல் இல்லாத, கருப்பு அல்லது வெள்ளை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும்; பேனாவிலும் நிரப்பும் கருவியிலும் ஆன்டி-ஏலியாசிங்கை (ஓரங்களைச் சாம்பல் பிக்சல்களால் மென்மையாக்கும் வசதியை) அணைத்துவிட வேண்டும்.

இனி கருப்பு எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் நிலை. ஜப்பானிய ஓவியர்கள் பேட்டா என்று அழைக்கும் இந்த முழுக் கருப்பு, முடிக்கும் உடைக்கும் நிறம் கொடுப்பதற்காக மட்டும் இடப்படுவதில்லை. வாசிப்பவரின் கண் பக்கத்தில் எங்கே முதலில் விழுந்து, எந்த வழியாக நகர்ந்து, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதுவே பெரிதும் வகுக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்: ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு பக்கம், மாலை நேர ரயில் நிலைய நடைமேடை, நீண்ட கருங்கூந்தல் கொண்ட ஒருத்தி, நீளமான மேலங்கி அணிந்த ஒருவன். கூந்தல் கருப்பாகத்தான் இருக்கும். மேலங்கியையும் கருப்பாக்கினால், இருவரும் நெருங்கி நிற்கும் கட்டத்தில் இரு உருவங்களும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே கறையாகிவிடும். எனவே மேலங்கியை 40% டோனுக்கு ஒதுக்கிவிட்டு, அவனுடைய காலணிகளையும் மேற்கூரையின் அடிப்பகுதியையும் கருப்பாக்குவது மேல். அப்படிச் செய்ததும் முதல் கட்டத்தின் மேற்கூரை, நடுக் கட்டங்களின் கூந்தல், கடைசிக் கட்டத்தின் காலணிகள் என்று கருப்பு பக்கத்தின் மூலைக்கு மூலை இறங்கிச் செல்கிறது. ஐந்து கட்டங்களுக்கும் சமமாகக் கருப்பைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கருப்பே இல்லாத ஒரு கட்டம் அதற்கு அடுத்த கட்டத்தின் கருப்பை இரட்டிப்பாக்கிக் காட்டும்.

இந்தத் தீர்மானத்தைப் பெரிதாக்கிய திரையில் எடுக்க முடியாது. பக்கத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவும், முடிந்தால் எதிர்ப்பக்கத்தையும் அருகில் வைத்துப் பார்க்கவும். புத்தகத்தைத் திறப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கப் போகிறார். தாளில் வரைந்த காலத்தில், உதவியாளர் கருப்பிட வேண்டிய இடங்களை ஓவியர் சிறிய பெருக்கல் குறியால் காட்டுவார். தனி லேயரில் அதே குறியை நீலத்தில் இட்டு, பக்கம் முழுவதையும் ஒருமுறை குறித்து முடித்த பிறகு நிரப்பத் தொடங்குவது இப்போதும் நல்ல பழக்கம்.

நிரப்பும் கருவியைக் கோட்டு லேயரைப் பார்த்து இயங்கும்படி அமைத்து, கோடுகளிடையே உள்ள சிறு இடைவெளிகளை மூடிக்கொள்ளும் வசதியை இயக்கி, நிரப்பும் பரப்பு இரண்டு மூன்று பிக்சல் விரிந்து கோட்டின் அடியில் நுழையும்படி வைக்க வேண்டும். அந்த விரிவு இல்லாவிட்டால் கோட்டுக்கும் கருப்புக்கும் நடுவே மயிரிழை போன்ற வெண்கீற்று நிற்கும். இவ்வளவு செய்தும் கூந்தலின் நுனிகளிலும் விரல் இடுக்குகளிலும் மை எட்டாமல் நின்றுவிடும். அங்கே பகுதியைச் சுற்றி வளைத்து நிரப்பும் கருவியோ சாதாரணப் பேனாவோதான் கை கொடுக்கும். விடுபட்ட புள்ளிகளைத் தேட ஒரு வழி உண்டு: தாளுக்கு நேர் மேலே, மற்ற எல்லா லேயர்களுக்கும் கீழே, பளிச்சென்ற சிவப்பு லேயர் ஒன்றைத் தற்காலிகமாக வைத்தால், கருப்புக்குள் நிரம்பாமல் நிற்கும் ஒவ்வொரு துளையும் சிவப்பாகக் கண் சிமிட்டும். அச்சில் தூசுபோல் தெரியக்கூடிய அந்தத் துளைகள் வெள்ளைத் திரையில் எளிதில் சிக்குவதில்லை.

கூந்தலில் ஒளி விழும் பட்டையை விட்டுக் கருப்பிடுவதற்குத்தான் அதிகப் பொறுமை தேவை. முழுவதும் நிரப்பிவிட்டு வெள்ளைக் கோடுகள் கிழிப்பதைவிட, உச்சியிலிருந்து கீழ்நோக்கியும் நுனியிலிருந்து மேல்நோக்கியும் கூர்ந்து முடியும் வீச்சுகளை இழுத்து, இரண்டும் சந்திக்காத இடத்தை ஒளியாக விடும் முறையில் முடியின் ஓட்டம் இயல்பாக வரும். அந்த ஒளிப்பட்டை தலையின் உருண்டையை ஒட்டி வளைய வேண்டும். வீச்சுகளின் நீளம் ஒன்றுபோல் அமைந்தால் கூந்தல் சீப்பின் பற்களாகிவிடும் என்பதால், இரண்டு மூன்று நீண்ட வீச்சுகள் பட்டையைக் கடந்து போகட்டும். கருப்பின் மேல் கருப்பு வரும் இடங்களில், முன்னால் இருக்கும் உருவத்தைச் சுற்றி ஏறத்தாழ 0.2 மி.மீ. வெள்ளை விளிம்பு விடலாம். 600 டிபிஐயில் அது 5 பிக்சல். உருவம் முழுவதையும் சுற்றி ஒரே தடிமனில் விளிம்பு ஓடினால் அது ஒட்டுப்படம்போல் தெரியும். ஒளி வரும் பக்கத்தில் மட்டும் விளிம்பை வைத்து, மறுபக்கம் கருப்போடு கலந்துவிட விடுவது என் விருப்பம்.

கருப்பு முடிந்ததும் பக்கத்தை மறுபடி சுருக்கிப் பார்க்க வேண்டும். சில பக்கங்கள் இந்த நிலையிலேயே முடிந்துவிட்டன என்பது அப்போது தெரியும். பசையுள்ள டோன் தாளைக் காசு கொடுத்து வாங்கி, கத்தியால் வெட்டி, தேய்த்து ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓவியர் ஒரு முறை யோசித்தார். இப்போது டோன் தீர்வதே இல்லை என்பதால் அந்த யோசனையை நாமேதான் வருவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டோன் இட, தேவையான பரப்பைக் கோட்டு லேயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தேர்வை இரண்டு பிக்சல் விரித்து, புதிய டோன் லேயரை உருவாக்க வேண்டும். கிளிப் ஸ்டூடியோ பெயின்டில் அந்தத் தேர்வு லேயரின் மாஸ்க்காக (டோன் எங்கே தெரிய வேண்டும் என்பதை வரையறுக்கும் மறைப்பாக) மாறிவிடுவதால், பிறகு பேனாவால் டோனைக் கூட்டலாம், அழிப்பானால் குறைக்கலாம். கிருதாவில் ஸ்க்ரீன்டோன் நிரப்பு லேயர் உண்டு. போட்டோஷாப்பில் சாம்பல் படத்தை பிட்மேப் (கருப்பு-வெள்ளை மட்டும் உள்ள) முறைக்கு மாற்றும்போது, சாம்பலைப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் திரையைத் தேர்ந்தெடுக்கலாம். மென்பொருள் எதுவானாலும் கேட்கப்படும் விவரங்கள் ஏறத்தாழ ஒன்றே: வரி எண்ணிக்கை, அடர்த்தி, கோணம், புள்ளியின் வடிவம். உருண்டைப் புள்ளி, 45 பாகைக் கோணம், 60 வரி என்று தொடங்கினால் பெரும்பாலான பக்கங்களுக்குச் சரியாக இருக்கும். ஆனால் பி4 மூலத்தாளில் வரைந்தது அச்சில் ஏறத்தாழ 83 விழுக்காடாகச் சுருங்கும்போது 60 வரி 72 வரியாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூலத்திலேயே 80 வரி வைத்துவிட்டால் சொரசொரப்பான இதழ்த் தாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடர்த்தியில் மூன்று படிகள் பெரும்பாலும் போதும். தோலின் நிழலுக்கும் வெள்ளை உடையின் மடிப்புக்கும் 10%, இடைப்பட்ட துணிக்கும் சுவருக்கும் 20 முதல் 30%, அடர்ந்த துணிக்கும் மாலை வானுக்கும் 40 முதல் 50%. 60 விழுக்காட்டைத் தாண்டியவை மை பரவும் தாளில் கருப்பாகவே முடிவதால், அந்த இடத்துக்குக் கருப்பையே கொடுத்துவிடலாம். நம் நடைமேடைப் பக்கத்தில் மேலங்கிக்கு 40%, தொலைவிலுள்ள ரயில் பெட்டிக்கு 20%, கூந்தலின் நிழல் விழும் கழுத்துக்கு 10% இட்டுவிட்டு முகங்களை வெள்ளையாகவே விட்டால், கண் தானாக முகத்துக்குப் போகிறது. முகத்தில் நிழல் டோனை, அது தரும் மனநிலையைக் கதை கேட்கும் ஒரு கட்டத்துக்காகச் சேமித்து வைக்கலாம்.

ஒரு பக்கத்தில் உள்ள புள்ளி டோன்கள் எல்லாம் ஒரே வரி எண்ணிக்கையிலும் ஒரே கோணத்திலும் இருக்கட்டும். வெவ்வேறு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மொய்ரே என்னும் அலைவடிவம் எழும். ஒரே வரியும் ஒரே கோணமும் கொண்ட இரு டோன்களை அடுக்கினாலோ, மென்பொருளில் புள்ளிகளின் மையங்கள் பொருந்திவிடுவதால், சிறிய புள்ளி பெரிய புள்ளிக்குள் மறைந்து பரப்பு கருப்பதே இல்லை. நிழலை அடர்த்தியாக்க வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு அடுத்த படியின் டோனை இடுவதே நேர்வழி.

சாம்பல் நிறத்தால் தீட்டி, அந்த லேயரையே டோனாக மாற்றிக் காட்டும் இன்னொரு முறையும் உண்டு. மேகத்துக்கும் புகைக்கும் அது ஏற்றது. அதே சமயம் 17%, 23%, 28% என்று காரணமில்லாத அடர்த்திகள் பக்கத்தில் பெருகிவிடும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இரு முறைகளிலும் அழிப்பானின் விளைவு வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். சாம்பலை மென்மையாக அழித்தால், அதிலிருந்து உருவாகும் புள்ளிகள் படிப்படியாகச் சிறுத்து மறையும். உருவாகிவிட்ட புள்ளிகளை அழித்தால் அவை வெட்டுப்படும். கத்தி முனையால் டோனைச் சுரண்டிய பழைய தோற்றம் அப்போதுதான் கிடைக்கும். இதற்குக் கடினமான விளிம்பு கொண்ட, நுனி கூர்ந்து முடியும் அழிப்பானே வேண்டும். மென்மையான அழிப்பான் புள்ளிகளையே பாதிச் சாம்பலாக்கிவிடும். சுரண்டும் வீச்சுகளைப் புள்ளி வரிசையின் 45 பாகைக் கோணத்திலேயே இழுத்தால், சில வரிசைகள் முழுதாகப் போய்ச் சில அப்படியே நின்று படிக்கட்டுப்போல் ஆகும். சற்று விலகிய கோணத்தில் ஒரு சுற்று, அதைக் குறுக்கே வெட்டும் வேறொரு கோணத்தில் இன்னொரு சுற்று என்று குட்டையான வீச்சுகளை இழுத்தால் விளிம்பு இயல்பாகக் கரையும்.

இவ்வளவும் ஆன பிறகு பக்கத்தைக் கெடுக்கக்கூடியது ஏற்றுமதிதான். திரையில் சுருக்கிப் பார்க்கும்போது தெரியும் அலைவடிவங்களைக் கண்டு பதறத் தேவையில்லை. 100% காட்சியில் புள்ளிகள் சீராக இருந்தால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் புள்ளிகளாகிவிட்ட டோனை அதன்பின் சுருக்கவோ பெருக்கவோ சுழற்றவோ கூடாது. அச்சுக்கு அனுப்பும் கோப்பு மூல அளவிலேயே, கருப்பு-வெள்ளை இரண்டு மட்டும் கொண்டதாக, டிஃப் அல்லது பிஎஸ்டி வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக் புள்ளிகளின் ஓரங்களில் அழுக்கைச் சேர்க்கும். இணையத்துக்கு நிலைமை வேறு. 600 டிபிஐ பக்கத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால், 10% டோனின் மூன்றரை பிக்சல் அகலப் புள்ளி ஒரு பிக்சலுக்குச் சற்று மேலாகிவிடுவதால் மொய்ரே வராமல் தப்புவது கடினம். டோன் லேயர்களைச் சாம்பலாகத் திருப்பிவிட்டு அதன்பின் சுருக்குவதே பாதுகாப்பான வழி. புள்ளிகள் கட்டாயம் தெரிய வேண்டுமென்றால், இறுதி அளவில் குறைந்த வரி எண்ணிக்கையோடு அவற்றைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு பக்கத்தையாவது லேசர் அச்சுப்பொறியில் எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்போது பக்கத்துக்குப் பொருத்தும் தெரிவை அணைத்து, அளவை 100% என்று வைக்க வேண்டும். அந்தத் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் அச்சுப்பொறியே படத்தைச் சுருக்கி, கோப்பில் இல்லாத மொய்ரேயைத் தாளில் வரவழைத்துவிடும்.